ப்ரீகால்குலஸ்: கல்லூரி முதலாண்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் பக்கத்திலிருந்து கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் ஜூன், ஜூலை வந்தால் கேட்கிற சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எடுத்து, கீழே பதில் எழுதியிருக்கிறது. கைபேசியில் கணிதக் குறியீடுகள் உடைந்துபோவதால் எக்ஸ், சைன், லாக் என்று வாயால் சொல்கிறபடியே இருக்கும். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ப்ரீகால்குலஸ்னா என்ன சார்? நம்ம ஊர் சிலபஸ்ல இந்தப் பேரே இல்லையே?

பெயர் அமெரிக்கக் கல்லூரிகளுடையது. கால்குலஸ், அதாவது நுண்கணித வகுப்பில் உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய கணிதம் என்று பொருள். சார்புகள், அவற்றின் வரைபடங்கள், பல்லுறுப்புக் கோவைகள், அடுக்கு, மடக்கை, முக்கோணவியல் எல்லாம் இதில் வரும். நுண்கணிதம் இதில் கிடையாது. அதற்கான வாசற்படி இது.

பெயர்தான் புதிது, சரக்கு பழையது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்புக் கணிதப் புத்தகம், முதல் தொகுதியைத் திறந்து பாருங்கள்: கணங்கள், தொடர்புகள், சார்புகள், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல், இரு பரிமாணப் பகுமுறை வடிவியல். ப்ரீகால்குலஸின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. நம் கல்லூரிகளில் இதையே பிரிட்ஜ் கோர்ஸ் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலான இணைப்பு வகுப்பு) என்றோ அலைட் மேத்ஸின் (துணைப்பாடக் கணிதத்தின்) முதல் யூனிட் என்றோ நடத்துவார்கள்.

2. ப்ளஸ் டூல காமர்ஸ் குரூப். இப்ப பிசிஏ சேந்திருக்கேன். எனக்கு இது வேணுமா?

வேண்டும். உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். வணிகக் கணிதம் எடுத்திருந்தால் பாதி தெரிந்திருக்கும். முக்கோணவியல், சார்புகளின் வரைபடம் இரண்டையும் மட்டும் கூடுதலாகப் பார்த்தால் போதும். கணிதமே இல்லாத பிரிவில் படித்தவர்கள் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்திலிருந்து தொடங்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாலிடெக்னிக் முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராகப் பொறியியல் இரண்டாமாண்டு போகிறவர்களுக்கும் இது பொருந்தும். முதலாண்டுக் கால்குலஸை மற்றவர்கள் முடித்திருப்பார்கள், நீங்கள் அங்கே போய் இறங்குவீர்கள். சேருவதற்கு முந்தைய விடுமுறைதான் உங்களுக்குக் கிடைக்கிற நேரம்.

3. நான் ப்ளஸ் டூ மேத்ஸ்ல தொண்ணூறுக்கு மேல. நான் எதுக்கு மறுபடி உக்காரணும்?

உட்கார வேண்டுமா என்பதை மதிப்பெண் சொல்லாது, இந்த ஆறு கணக்கு சொல்லும். கால்குலேட்டர் இல்லாமல், இருபது நிமிடத்தில் போடுங்கள். ஒன்று, 3 − 2எக்ஸ் என்பது 11ஐ விடப் பெரியது என்றால் எக்ஸ் என்ன? இரண்டு, 8இன் அடுக்கு 2/3 எவ்வளவு? மூன்று, (1, 2), (3, 8) வழியாகப் போகும் கோட்டின் சமன்பாடு. நான்கு, சைன் 150°. ஐந்து, எக்ஸ்² + 6எக்ஸ் + 2 என்பதை வர்க்கப் பூர்த்தி செய்க. ஆறு, 1/எக்ஸ் + 1/(எக்ஸ் + 1) இரண்டையும் கூட்டி ஒரே பின்னமாக்குக.

விடைகள்: எக்ஸ் −4ஐ விடச் சிறியது; 4; ஒய் = 3எக்ஸ் − 1; 1/2; (எக்ஸ் + 3)² − 7; மேலே 2எக்ஸ் + 1, கீழே எக்ஸ்(எக்ஸ் + 1). ஆறும் சரியென்றால் நேராக ஏழாவது கேள்விக்குப் போங்கள். இரண்டு தவறினாலே இயற்கணிதத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் கணக்கில் குறியைத் திருப்ப மறந்து எக்ஸ் −4ஐ விடப் பெரியது என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். குறை எண்ணால் வகுத்தால் சமனிலி திரும்பும்.

4. எத்தனை நாள் பிடிக்கும்? பிரிட்ஜ் கோர்ஸ் ரெண்டு வாரம்தானே நடக்குது?

அமெரிக்கக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் முழுக்க, ஏறக்குறைய 15 வாரம் நடத்துவார்கள். இரண்டு வாரத்தில் யாராலும் பாடத் தலைப்புகளை நினைவூட்டத்தான் முடியும், கையைப் பழக்க முடியாது.

தானாகப் படிப்பவருக்கு 90 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒன்றரை மணி, வாரத்துக்கு ஆறு நாள், பத்து வாரம். இயற்கணிதத்துக்கு இரண்டு வாரம், சார்புகளுக்கும் வரைபடத்துக்கும் இரண்டு, பல்லுறுப்புக் கோவைக்கும் விகிதமுறு சார்புக்கும் ஒன்று, அடுக்கு மடக்கைக்கு ஒன்றரை, முக்கோணவியலுக்கு மூன்று, மீதி அரை வாரம் திருப்பிப் பார்க்க. முக்கோணவியலின் மூன்று வாரத்தைக் குறைக்காதீர்கள். சரிகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சரிகிறார்கள்.

5. தம்பி அமெரிக்காவுல சேரப் போறான். அங்க ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்டாமே, அது வேலைக்கான டெஸ்ட்டா?

இல்லை. எந்தக் கணித வகுப்பில் உங்களை உட்கார வைப்பது என்று தீர்மானிக்கும் தேர்வு அது. குறைவாக வாங்கினால் ப்ரீகால்குலஸில் போடுவார்கள், நன்றாகச் செய்தால் நேராகக் கால்குலஸ். பல பொறியியல் பிரிவுகளில் ப்ரீகால்குலஸுக்குக் கட்டும் பணமும் போகும் செமஸ்டரும் பட்டத்துக்கான கணிதக் கணக்கில் சேராது. அதனால் புறப்படும் முன்பே படித்துவிட்டுப் போவது லாபம்.

சில கல்லூரிகள் கிளெப் என்ற தேர்வின் மதிப்பெண்ணையும் ஏற்கும். அதன் ப்ரீகால்குலஸ் தாளில் 90 நிமிடத்துக்கு ஏறக்குறைய 48 கேள்விகள். ஒரு பகுதிக்குத் திரையிலேயே வரைபடக் கால்குலேட்டர் உண்டு, மற்றொன்றுக்குக் கிடையாது. சேரும் கல்லூரி அதை ஏற்கிறதா என்று முதலில் எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டச் சொல்லுங்கள்.

6. தமிழ் மீடியம் சார். கணக்கு வருது, ஆனா மேடம் சொல்ற இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணும் புரியல.

இது கணிதக் குறை இல்லை, ஐம்பது சொல் தெரியாத குறை. 11ஆம் வகுப்புப் புத்தகம் இரு மொழியிலும் இலவசப் பிடிஎஃபாகக் கிடைக்கிறது. இரண்டையும் இறக்கி, ஒரே அத்தியாயத்தைப் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படியுங்கள். சார்பு என்றால் ஃபங்ஷன், சார்பகம் டொமைன், வீச்சகம் ரேஞ்ச், நேர்மாறு இன்வெர்ஸ், மடக்கை லாகரிதம், முற்றொருமை ஐடென்டிட்டி, தொலைத்தொடுகோடு அசிம்ப்டோட், சமனிலி இன்ஈக்குவாலிட்டி, சாய்வு ஸ்லோப். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஐந்து சொல் எழுதினால் பத்து நாளில் முடிந்துவிடும்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறே இல்லை. சொல்லப்போனால் ‘சார்பு’ நல்ல சொல். ஒன்று இன்னொன்றைச் சார்ந்து மாறுகிறது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஃபங்ஷன் என்று கேட்டால் கல்யாண வீடுதான் முதலில் நினைவுக்கு வரும்.

7. ஃபங்ஷன், ஃபங்ஷன்னு சொல்றாங்க. ஒரு ஃபார்முலாவுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

நம் பக்கத்து வீட்டு வளவையே எடுத்துக்கொள்வோம். நடுவில் 20 அடிக்கு 14 அடி முற்றம், நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் தூண் வைத்த தாழ்வாரம். தாழ்வாரத்தின் அகலம் எக்ஸ் அடி. முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த மொத்தப் பரப்பு (20 + 2எக்ஸ்)(14 + 2எக்ஸ்) சதுர அடி. இரண்டு பக்கமும் தாழ்வாரம் இருப்பதால் 2எக்ஸ். எக்ஸ் என்று ஒருமுறை மட்டும் கூட்டுவது இங்கே வழக்கமான தவறு. அகலம் 3 கொடுத்தால் 26 × 20, அதாவது 520 வெளியே வரும். ஒரு அகலத்துக்கு ஒரே ஒரு பரப்பு. உள்ளே ஒன்று போட்டால் வெளியே ஒன்றே ஒன்று வர வேண்டும், இரண்டு வந்தால் அது சார்பு இல்லை.

இப்போது திருப்பிக் கேட்போம்: மொத்தப் பரப்பு 616 என்றால் அகலம் என்ன? பெருக்கி, 4ஆல் வகுத்தால் எக்ஸ்² + 17எக்ஸ் − 84 = 0. காரணிப்படுத்தினால் (எக்ஸ் + 21)(எக்ஸ் − 4). விடை 4 அல்லது −21. தாழ்வாரத்துக்குக் குறை அகலம் கிடையாது, எனவே 4 அடி. 28 × 22 = 616, சரி பார்த்தாயிற்று.

வெறும் சூத்திரம் −21ஐயும் ஏற்கும், சார்பு ஏற்காது. எந்தெந்த எண்ணை உள்ளே விடலாம் என்ற விதியும் சேர்ந்ததுதான் சார்பு, அந்த விதிதான் சார்பகம். இது பிடிபட்டால் இந்தப் பாடத்தின் பாதி பிடிபட்டது. பின்னத்தில் கீழே பூச்சியம் வரக்கூடாது, வர்க்கமூலத்துக்குள் குறை எண் வரக்கூடாது, லாகுக்குள் மிகை எண் மட்டுமே வரலாம் என்பதெல்லாம் இதே விதியின் வேறு முகங்கள்.

8. எக்ஸ் மைனஸ் 3ன்னா கிராஃப் இடது பக்கம்தானே போகணும்? ஏன் வலது பக்கம் போகுது?

நல்ல கேள்வி. மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. காலை பஸ் ஒன்று 10 நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறது, வேகம் மாறவில்லை. 9:10க்கு அது எங்கே இருக்கும்? வழக்கமாக 9:00க்கு இருக்கும் இடத்தில். புதிய பஸ்ஸின் இடம் தெரிய வேண்டுமென்றால் கடிகாரத்திலிருந்து 10ஐக் கழித்துப் பழைய அட்டவணையைப் பார்க்கிறோம். கழிப்பது நாம், ஆனால் நிகழ்வு பத்து நிமிடம் பின்னால், அதாவது கால அச்சில் வலப்பக்கம் தள்ளிப் போகிறது. எஃப்(எக்ஸ் − 3) செய்வதும் அதேதான்.

எஃப்(2எக்ஸ்) என்றால் வரைபடம் பாதியாகச் சுருங்குவதும் இதே காரணத்தால்: இரண்டு மடங்கு வேகமாக ஓடினால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் வழுக்கும். சைன்(2எக்ஸ் − π/3) எவ்வளவு நகர்கிறது? π/3 இல்லை. 2ஐ வெளியே எடுங்கள்: சைன் 2(எக்ஸ் − π/6). நகர்வு π/6.

9. கிராஃப் எல்லாம் ஃபோன்லயே வருதே, கையால எதுக்கு வரையணும்?

ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் என்ற வரைபடச் செயலிகள் இரண்டும் நல்லவை, இலவசம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கையால் வரையுங்கள், பிறகு ஃபோனில் ஒப்பிடுங்கள். தேர்வறையில் ஃபோன் இருக்காது என்பது சின்னக் காரணம். வளைவு எங்கே அச்சை வெட்டுகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே இல்லாமலே போகிறது என்று கையால் தேடினால்தான் கண்ணுக்குப் பழகும் என்பது பெரிய காரணம்.

10. பல்லுறுப்புக் கோவையை வகுக்கும்போது எனக்கு மட்டும் எப்பவும் மீதி தப்பா வருதே?

பெரும்பாலும் ஒரு பூச்சியத்தை விட்டிருப்பீர்கள். எக்ஸ்³ − 7எக்ஸ் + 6ஐ எக்ஸ் − 1ஆல் தொகுமுறை வகுத்தலில் போடும்போது மேல் வரிசை 1, 0, −7, 6. எக்ஸ்² இல்லாததற்கு 0 எழுதியே ஆக வேண்டும். எழுதினால் கீழே 1, 1, −6, மீதி 0. ஈவு எக்ஸ்² + எக்ஸ் − 6, மூலங்கள் 1, 2, −3.

11. தொலைத்தொடுகோடுன்னு ஒண்ணு, தொடவே தொடாதாம். அப்படி நெஜத்துல ஏதாவது இருக்கா?

காரைக்குடியிலிருந்து ஓர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். திரும்பும்போது வேகம் எக்ஸ். போகவர சராசரி வேகம் 80எக்ஸ்/(40 + எக்ஸ்). எக்ஸ் 40 என்றால் சராசரி 40. எக்ஸ் 120 என்றால் 60. எக்ஸ் 360 என்றால் 72. ஜெட் விமானத்தில் திரும்பினாலும் 80ஐத் தொடாது. ஏனென்றால் சராசரி 80 ஆக வேண்டுமானால் போய்வரும் மொத்த நேரமும் போகும்போதே செலவாகிவிட்டது; திரும்புவதற்கு ஒரு நொடியும் மிச்சமில்லை. ஒய் = 80 என்ற கிடைக்கோடுதான் தொலைத்தொடுகோடு.

ஒரு திருத்தம்: ‘தொடவே தொடாது’ என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. கிடைத் தொலைத்தொடுகோட்டை நடுவழியில் வளைவு வெட்டிச் செல்லலாம்; தொலைவில் போகப்போக நெருங்குகிறதா என்பதுதான் நிபந்தனை. செங்குத்தானதை மட்டும் விகிதமுறு சார்பு தொடாது, அங்கே கீழே பூச்சியம் வந்துவிடும்.

12. எங்க ஐயா வட்டிக் கணக்க மனசுலயே போடுவாரு. அவருக்கு லாக் தெரியாது. எனக்கு மட்டும் எதுக்கு லாக்?

ஐயாவுக்குப் பெயர் தெரியாது, விஷயம் தெரியும். நூற்றுக்கு ரெண்டு வட்டி என்றால் நம் பக்கத்தில் மாதத்துக்கு இரண்டு. தனி வட்டியில் பணம் இரட்டிக்க 50 மாதம். வட்டிக்கு வட்டி ஏறினால்? 1.02ஐ எத்தனை முறை பெருக்கினால் 2 ஆகும் என்று கேட்கிறோம். தெரியாத எண் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டல், கழித்தல், வகுத்தல் எதுவும் அதைக் கீழே இறக்காது. இறக்குவதற்கென்றே இருக்கும் கருவி லாக். லாக் 2ஐ லாக் 1.02ஆல் வகுக்க வேண்டும்: 0.30103 ÷ 0.0086 = 35. முப்பத்தைந்தே மாதம். 72ஐ வட்டியால் வகு என்ற கைக்கணக்கு 36 சொல்லும், ஏறக்குறைய சரி. அந்தக் கைக்கணக்கு வேலை செய்வதே லாகின் தயவால்தான். ஆண்டுக் கணக்கும் பாருங்கள்: ஒரு லட்சம், 12 மாதத்தில் கூட்டு வட்டியில் ரூ. 1,26,824. ஆண்டுக்கு 24 சதவீதம் என்று நினைத்தவர் 2,824 ரூபாயைக் கவனிக்கவில்லை.

லாகில் அடிபடுகிற இடம் இரண்டு. ஒன்று, கூட்டலின் லாக், லாகுகளின் கூட்டல் இல்லை. 10 + 90 = 100, அதன் லாக் 2. ஆனால் லாக் 10ஐயும் லாக் 90ஐயும் கூட்டினால் 2.954 வரும், அது 900இன் லாக். பெருக்கல்தான் கூட்டலாக மாறும். இரண்டாவது, லாக் டேபிளில் 0.05 பார்ப்பவர்கள் செய்வது. 2க்கு மேல் கோடு, பிறகு .6990 என்று எழுதியதை −2.6990 என்று கால்குலேட்டரில் தட்டுகிறார்கள். கோடு 2க்கு மட்டும்தான். −2 + 0.6990, அதாவது −1.3010.

13. அந்த 2.718 எங்கேருந்து குதிச்சுது?

இதுவும் வட்டியிலிருந்துதான். ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு சதவீத வட்டி என்று வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2 ரூபாய். மாதாமாதம் சேர்த்தால் 2.613. நாள்தோறும் சேர்த்தால் 2.7146. நொடிக்கு நொடி சேர்த்தாலும் 2.71828ஐத் தாண்டாது. அந்த உச்சிதான் ‘இ’. இந்த எண்ணை அடிமானமாக வைத்தால் கால்குலஸில் சூத்திரங்கள் சுத்தமாக வரும் என்பதால் எல்லா இடத்திலும் இதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

14. டிகிரி நல்லாத்தானே இருந்துச்சு? எதுக்கு ரேடியன்?

ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வையுங்கள். நடுவிலிருந்து விளிம்புவரை நூல் அளந்து வெட்டி, அதே நூலை விளிம்பில் வளைத்து ஒட்டுங்கள். நூலின் இரு முனையையும் நடுப்புள்ளியோடு சேர்த்தால் கிடைக்கும் கோணம் ஒரு ரேடியன், சுமார் 57.3°. தாம்பாளம் சின்னதானாலும் பெரியதானாலும் அதே கோணம். முழு விளிம்பையும் சுற்ற ஆறேகால் நூலுக்குக் கொஞ்சம் கூடுதல், 6.283, அதாவது 2π. 360 மனிதர் வைத்த எண். ரேடியன் வட்டமே வைத்த அளவு.

பயன் உடனே தெரியும். ரேடியனில் சைன் 0.01 ஏறக்குறைய 0.01தான். சிறு கோணத்தில் சைனும் கோணமும் ஒன்றாகிவிடுவதால்தான் சைனை வகையிட்டால் காஸ் என்று நேராக வருகிறது. டிகிரியில் செய்தால் ஒவ்வொரு வரியிலும் π/180 ஒட்டிக்கொண்டு வரும்.

15. கால்குலேட்டர்ல சைன் 30 போட்டா −0.988 வருது. மெஷின் ரிப்பேரா?

இல்லை. அது 30 ரேடியனுக்குச் சைன் பார்த்திருக்கிறது. கேசியோ எஃப்எக்ஸ்-991 வகையில் திரையின் மேல்வரிசையில் கடுகளவு எழுத்து ஒன்று தெரியும்: ‘டி’ என்றால் டிகிரி, ‘ஆர்’ என்றால் ரேடியன், ‘ஜி’ என்றால் கிரேடியன். 0.454 வந்தால் ‘ஜி’யில் மாட்டியிருக்கிறது. தேர்வறையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சைன் 30 தட்டி 0.5 வருகிறதா பாருங்கள்; மூன்று நொடி வேலை. இரவல் வாங்கிய கால்குலேட்டர் என்றால் கட்டாயம்.

16. முக்கோணவியல்ல நாப்பது ஃபார்முலா இருக்கு. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

மூன்று போதும். சைன்² + காஸ்² = 1. சைன்(ஏ + பி) = சைன் ஏ காஸ் பி + காஸ் ஏ சைன் பி. காஸ்(ஏ + பி) = காஸ் ஏ காஸ் பி − சைன் ஏ சைன் பி. முதலாவதை காஸ்²ஆல் வகுத்தால் 1 + டேன்² = செக்². மற்ற இரண்டில் பிக்குப் பதில் ஏ போட்டால் இரட்டைக் கோணம். பியைக் குறையாக்கினால் கழித்தல் சூத்திரம். நாற்பதையும் ஒருமுறை இப்படி வருவித்து எழுதிப் பாருங்கள். ஒரு மாலை போதும், அதன்பின் மறந்தாலும் பயமில்லை. மதிப்புகளுக்கும் ஒரு வழி: 0°, 30°, 45°, 60°, 90°க்குச் சைன் வரிசையாக √0, √1, √2, √3, √4 ஒவ்வொன்றும் வகுத்தல் 2.

சைன் என்ற சொல்லே நம் பக்கத்துச் சரக்கு. ஆரியபட்டர் 499இல் ‘ஜ்யா’ என்ற அரைநாணின் மதிப்புகளை 3° 45′ இடைவெளியில் 24 ஆகத் தந்தார். அரபியில் ‘ஜீபா’ ஆனது, ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டது, அந்தச் சொல்லுக்கு மடிப்பு என்று பொருள் என்பதால் லத்தீனில் ‘சைனஸ்’ ஆயிற்று. வெளியூர் போய்ப் பெயர் மாறித் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

17. சைன் மேல −1 போட்டா ஒண்ணு கீழ சைன்தானே?

இல்லை. இந்தக் குறியீடு குழப்பத்தான் செய்யும், உங்கள் மேல் குற்றமில்லை. சைன்² என்றால் வர்க்கம். ஆனால் சைனுக்கு மேல் −1 என்றால் நேர்மாறு சார்பு. 0.5 கொடுத்தால் 30° தரும். ஒன்று கீழ் சைன் என்பதற்குக் கோசெக் என்று தனிப்பெயர் உண்டு. நேர்மாறு ஒரே விடைதான் தரும், −90° முதல் 90°க்குள். 150°க்கும் சைன் 0.5தான், ஆனால் அதைக் கால்குலேட்டர் சொல்லாது. ஏழாவது பதிலில் சொன்ன ‘ஒன்று போட்டால் ஒன்றே வர வேண்டும்’ என்ற விதியைக் காப்பாற்றவே இந்த வேலி. 150°ஐ நீங்கள்தான் வட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

18. ஸ்டெப் எல்லாம் சரி, விடையும் வருது. ஆனா மேடம் பாதி மார்க்தான் போடுறாங்க. ஏன்?

ஒன்று, விருந்தாளி அதிகம் வந்திருப்பார். அல்லது வர வேண்டியவர் விடுபட்டிருப்பார். √(எக்ஸ் + 6) = எக்ஸ் என்பதை வர்க்கப்படுத்தினால் 3, −2 இரண்டு விடை. −2ஐப் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. அது விடையே இல்லை. வர்க்கப்படுத்தியபோது உள்ளே புகுந்தது. லாக் சமன்பாட்டிலும் இப்படிப் புகும். வர்க்கப்படுத்தினாலோ லாகைச் சேர்த்தாலோ கடைசியில் பொருத்திப் பார்க்காமல் கோடு போடாதீர்கள்.

விடுபடுவது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்கே தெரியாது. சைன் 2எக்ஸ் = சைன் எக்ஸ் என்பதை 2 சைன் எக்ஸ் காஸ் எக்ஸ் = சைன் எக்ஸ் என்று எழுதி, இருபக்கமும் சைனை அடித்துவிட்டால் π/3, 5π/3 மட்டும் கிடைக்கும். சைன் பூச்சியமாகும் 0, π இரண்டும் அடியோடு போய்விட்டன. தெரியாத ஒன்றால் வகுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்.

19. டியூஷன் வைக்கணுமா, வீட்டுலயே படிக்கலாமா?

மூன்று பேர் சேர்ந்து முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் போட்ட கணக்கை அடுத்தவர் திருத்தினால் டியூஷன் வேண்டாம். தன் தவறு தன் கண்ணுக்குப் படாது, பக்கத்தில் இருப்பவருக்கு உடனே படும். இயற்கணிதமே ஆட்டம் காண்கிறவர்களுக்கு முதல் ஒரு மாதம் ஆள் தேவை. அப்போதும் விடையைப் போட்டுக்காட்டுகிறவரைவிட, உங்களைப் போடவைத்து எட்டிப் பார்க்கிறவரைத் தேடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். 1947இல் இங்கே கல்லூரி தொடங்கிய அழகப்பச் செட்டியார்தான் 1950இல் சென்னையில் ராமானுஜன் பெயரில் கணித ஆய்வு நிறுவனத்தையும் தொடங்கினார். கணிதத்துக்கு இந்த மண்ணில் இடம் உண்டு. கேட்கிறவர் கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள்.

20. ப்ரீகால்குலஸ் பாஸ். ஆனா கால்குலஸ்ல அரியர் விழுந்துருச்சு. எங்க தப்பு?

உங்கள் விடைத்தாளை எடுத்து, ஒவ்வொரு தவறான வரியையும் வட்டமிடுங்கள். வகையிடல் விதியில் விழுந்த வட்டங்கள் குறைவாகத்தான் இருக்கும். அடைப்புக்குறி, குறி, பின்னம், இந்த மூன்றில்தான் குவிந்திருக்கும். எஃப்(எக்ஸ்) = எக்ஸ்² − 3எக்ஸ் என்று வைத்து எஃப்(எக்ஸ் + எச்) எழுதச் சொன்னால் பலர் எக்ஸ்² − 3எக்ஸ் + எச் என்று கடைசியில் எச்சை ஒட்டிவிடுகிறார்கள். எக்ஸ் இருந்த ஒவ்வொரு இடத்திலும் அடைப்புக்குறியோடு (எக்ஸ் + எச்) போக வேண்டும்: (எக்ஸ் + எச்)² − 3(எக்ஸ் + எச்). விரித்து, எஃப்(எக்ஸ்)ஐக் கழித்தால் 2எக்ஸ்எச் + எச்² − 3எச் மிஞ்சும். எச்சால் வகுத்தால் 2எக்ஸ் + எச் − 3. வகுக்கும் முன்பே எச் இல்லாத உறுப்பு ஏதாவது மிஞ்சியிருந்தால் மேலே எங்கோ குறி தவறியிருக்கிறது. அங்கேயே நின்று திரும்பிப் பாருங்கள்.

இன்னொன்று. (√(எக்ஸ் + 9) − 3)/எக்ஸ் என்பதில் எக்ஸ் பூச்சியத்தை நெருங்கினால் என்ன? நேராகப் போட்டால் பூச்சியத்தின் கீழ் பூச்சியம். மேலும் கீழும் √(எக்ஸ் + 9) + 3ஆல் பெருக்குங்கள். மேலே எக்ஸ் மட்டும் நிற்கும், கீழே உள்ள எக்ஸோடு அடிபடும், மீதி 1/(√(எக்ஸ் + 9) + 3). இப்போது பூச்சியம் போட்டால் 1/6. இதில் கால்குலஸ் கடைசி வரி மட்டும். மற்றதெல்லாம் இயற்கணிதம். அரியர் எழுதப் போகும் முன் இருபது நாள், நாளுக்கு இப்படிப் பத்துக் கணக்கு, விடை பார்க்காமல் போடுங்கள்.